‘மேக் அப்’: ஒரே வினைக்கு இத்தனை பொருளா?

கேள்வி, பிப்ரவரி 3

மேக்கப் என்றால் முகத்துக்குப் போடுவது. எனக்கு அவ்வளவுதான் தெரியும். நேற்று ஒரு மின்னஞ்சல் வந்தது. வேலையை முடித்துக் கொடுத்து நாளாகியும் பணம் வரவில்லை என்று கேட்டிருந்தேன். பதிலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடைசி வரியாக ‘வீ வில் மேக் இட் அப் டு யூ’ என்று எழுதியிருக்கிறார்கள். அகராதியைத் திறந்தால் பொய் சொல்வது, சமாதானமாவது, ஈடு செய்வது, படுக்கை விரிப்பது, மருந்து கலப்பது என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டே இல்லை. இந்த ஃப்ரேசல் வெர்ப்களில், அதாவது வினையோடு ‘அப்’, ‘அவுட்’ போன்ற சிறு சொல் ஒட்டிவரும் ஆங்கிலத் தொடர்களில், விதி என்று எதுவும் கிடையாது, எல்லாம் மனப்பாடம்தான் என்பது என் முடிவு. மறுப்பவர் உண்டா?

பிப்ரவரி 3, இரவு

நான் மறுக்கிறேன்.

முதலில் உங்கள் மின்னஞ்சல். ‘உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு ஈடாக ஏதாவது நல்லது செய்வோம்’ என்பதுதான் பொருள். என்ன செய்வார்கள், எப்போது செய்வார்கள் என்பது அந்த வரியில் இல்லை. நல்லெண்ணம் இருக்கிறது, உறுதி இல்லை.

இனி விதி. ‘அப்’ என்றதும் நாம் ‘மேலே’ என்று எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு இன்னொரு வேலை உண்டு, ஒரு செயலை மிச்சமில்லாமல் முடித்துவைப்பது. ‘ஈட்’ என்றால் சாப்பிடு. ‘ஈட் அப்’ என்றால் தட்டில் எதுவும் வைக்காமல் சாப்பிட்டுவிடு. ‘யூஸ் அப்’ என்றால் தீர்த்துவிடு. ‘ஃபில் அப்’ என்றால் நிரப்பிவிடு. தமிழில் ‘விடு’ செய்கிற வேலையை அங்கே ‘அப்’ செய்கிறது. ஆகவே ‘மேக் அப்’ என்றால் குறையாக இருப்பதை நிறைவாக்குவது. விட்டுப்போன நேரத்தை நிறைவாக்கினால் ஈடு செய்தல். ஆள் குறையும் ஆட்டத்தில் நாலாவது ஆளாகச் சேர்ந்தால் அதுவும் மேக் அப். பிளந்துபோன உறவை நிறைவாக்கினால் சமாதானம். ஒரே இழைதான் ஓடுகிறது.

பிப்ரவரி 4, காலை

இந்த வினை எனக்கு வெறும் இலக்கணம் இல்லை, அதனால்தான் நேற்று அவ்வளவு வேகமாக எழுதினேன். ஒரு பழைய கதை.

மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்த புதிது. உடம்பு சரியில்லாமல் இரண்டு நாள் பாதியிலேயே கிளம்பிவிட்டேன். மேலாளரிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘யூ கேன் மேக் அப் த அவர்ஸ் நெக்ஸ்ட் வீக்.’ அப்போது எனக்குத் தெரிந்த ‘மேக் அப்’ ஒன்றே ஒன்று, ‘மேக் அப் எ ஸ்டோரி’, கதை கட்டுவது. ஆகவே, வேலை பார்க்காத மணிகளைப் பார்த்ததாக அடுத்த வாரக் கணக்கில் எழுதிக்கொள் என்கிறார் என்று புரிந்துகொண்டேன். பொய்க்கணக்கு எழுதச் சொல்கிறாரே என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் ‘மன்னிக்கவும், என்னால் அப்படிச் செய்ய முடியாது’ என்று பதில் போட்டேன்.

அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். உடம்பு சரியில்லாதவருக்குச் சலுகையாக, விட்ட மணிகளை அடுத்த வாரம் வசதிப்படி பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அதற்கு ‘முடியாது’ என்று பட்டென்று ஒரு பதில். ஒரு வாரம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நேர்மைக்காக நான் எழுதியதை அவர் பிடிவாதமாக எடுத்துக்கொண்டார். பெருந்தன்மையாக அவர் எழுதியதை நான் மோசடியாக எடுத்துக்கொண்டேன். நடுவில் நின்றது இரண்டே இரண்டு சிறிய சொல்.

பிப்ரவரி 4, மதியம்

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நான் புரிந்துகொண்ட பொருள் இலக்கணப்படி தவறே இல்லை. ‘ஹீ மேட் அப் த அவர்ஸ்’ என்ற வாக்கியம் தனியாக நின்றால் ‘விட்ட மணிகளை வேலை செய்து ஈடுகட்டினார்’ என்றும் சொல்லலாம், ‘மணிக்கணக்கைக் கற்பனையாக எழுதினார்’ என்றும் சொல்லலாம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கூட முன்பின் தெரியாமல் இதைப் பிரித்துவிட முடியாது. என்ன, அவர்களுக்கு முதலில் தோன்றுவது நல்ல பொருள். எனக்கு முதலில் தோன்றியது கெட்ட பொருள்.

பிப்ரவரி 6

‘நிறைவு’ விளக்கத்துக்கு இரண்டு பேர் மறுப்புச் சொன்னார்கள். ஒருவர் கேட்டது: கதை கட்டுவதில் என்ன குறை இருந்தது, எதை நிறைவாக்கினார்கள்? மற்றவர் கேட்டது: ‘மேக் அவுட்’ என்றால் தெளிவில்லாத எழுத்தை இன்னதென்று கண்டுகொள்வது, ‘அவுட்’ என்பதை வைத்து அதை முன்கூட்டியே சொல்லியிருப்பீர்களா?

இரண்டு நாள் யோசித்தேன். சொல்லியிருக்க முடியாது. பொருள் தெரிந்த பிறகு ‘ஆமாம், பொருந்துகிறது’ என்று தலையாட்டலாம். பொருள் தெரியாதவருக்கு அதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் சக்தி என் விளக்கத்துக்கு இல்லை. நினைவில் வைக்க அது ஒரு கொக்கி. அதை விதி என்று நான் சொன்னது அதிகம். கேள்வி கேட்டவர் பாதி சரி.

இதில் நாம் மட்டும் தடுமாறவில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே இதைக் குறிப்பிடுகிறார். வினையோடு பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் வழக்கம் ஆங்கிலத்தில் மிகுதி, பிறமொழிக்காரர்களுக்குப் பெரிய சிரமம் இதிலிருந்துதான் வருகிறது என்கிறார். ஆங்கிலச் சொற்களையெல்லாம் உட்கார்ந்து தொகுத்தவரே அப்படிச் சொல்லும்போது நாம் மனம் தளர வேண்டியதில்லை.

பிப்ரவரி 7

விதி இல்லை என்றாலும் தடயம் உண்டு. நான் வேலையில் நம்புவது இதைத்தான்: ‘அப்’புக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்ப்பேன்.

‘வித்’ வந்தால் சமாதானம். ‘ஷீ மேட் அப் வித் ஹெர் சிஸ்டர்’, தங்கையோடு ராசியாகிவிட்டாள். ‘ஃபார்’ வந்தால் ஈடு. ‘மேக் அப் ஃபார் லாஸ்ட் டைம்’, போன நேரத்தை ஈடுகட்டுவது. ‘மேட் அப் ஆஃப்’ என்று வந்தால் இன்னின்னவற்றால் ஆனது. ‘டு’ மட்டும் நேராக ஒட்டிவந்தால் காரியம் ஆக வேண்டி ஒருவரிடம் குழைவது. ஆனால் நடுவில் ‘இட்’ புகுந்து ‘மேக் இட் அப் டு’ என்றானால் குழைவு போய், அவருக்கு நேர்ந்ததை ஈடு செய்வது என்றாகிவிடும். ஓர் ‘இட்’ செய்கிற வேலையைப் பாருங்கள்!

பின்னால் எதுவும் இல்லாமல் ஒரு பெயர்ச்சொல் வந்தால் அந்தப் பெயர்ச்சொல்தான் சாட்சி. கதை, காரணம், சாக்கு, பெயர் என்றால் இட்டுக்கட்டுவது. மனம் என்றால் முடிவெடுப்பது. படுக்கை என்றால் விரித்துத் தயாராக வைப்பது. பற்றாக்குறை என்றால் மீதியைப் போட்டு நிரப்புவது. நேரம் என்றால், என் கதையைப் படித்தீர்களே, கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக ‘இட்’, ‘தெம்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும். ‘மேக் இட் அப்’ சரி, ‘மேக் அப் இட்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘மேக் அப் எ ஸ்டோரி’, ‘மேக் எ ஸ்டோரி அப்’ இரண்டுமே செல்லும்.

பிப்ரவரி 7, இரவு

‘மேட் அப் ஆஃப்’ பற்றி ஒரு வரி விட்டுப்போயிற்று. பகுதிகள் எழுவாயானால் ‘ஆஃப்’ வராது, முழுமை எழுவாயானால் வரும். பன்னிரண்டு மாதங்கள் ஓர் ஆண்டை ‘மேக் அப்’ செய்கின்றன. ஓர் ஆண்டு பன்னிரண்டு மாதங்களால் ‘மேட் அப் ஆஃப்’. திருத்த வரும் பிரதிகளில் இந்தத் தலைகீழ்ப் பிழையை அடிக்கடி பார்க்கிறேன்.

பிப்ரவரி 9

‘இத்தனை குழப்பம் எதற்கு, ஒரே சொல்லாக உள்ள இணைச்சொல்லைப் போட்டுவிடலாமே’ என்று ஒருவர் எழுதினார். போடலாம். இன்வென்ட், ஃபேப்ரிகேட், கன்காக்ட் (மூன்றும் இல்லாததை உண்டாக்குவது), கான்ஸ்டிட்யூட் (பகுதிகள் சேர்ந்து ஒன்றாவது), ரிகன்சைல் (சமாதானமாவது), காம்பன்சேட் (ஈடு செய்வது), டிசைட் (முடிவெடுப்பது) என்று வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் அறையின் வெப்பத்தையே மாற்றிவிடும்.

குழந்தைகள் புது விளையாட்டை ‘மேக் அப்’ செய்வார்கள். தூங்கவைக்க அம்மா ஒரு கதையை ‘மேக் அப்’ செய்வாள். அதில் களங்கம் இல்லை. அங்கே ‘ஃபேப்ரிகேட்’ என்று போட்டால் அம்மாவைக் கூண்டில் ஏற்றியது போலாகும். பொய்ச்சாட்சி தயாரிப்பதற்குத்தான் அந்தச் சொல். இத்தனைக்கும் அதன் லத்தீன் வேர் கைவினைஞரின் வேலைக்கூடம். இரும்பை வெட்டி ஒட்டிச் சட்டம் செய்வதற்கும் அதே சொல்தான் இன்றும். ‘கன்காக்ட்’ லத்தீனில் ‘சேர்த்துச் சமைப்பது’. சாக்குப்போக்கை நாலு பொருள் போட்டுக் கிண்டி எடுப்பது போல ஒரு வாசனை அதில் இருக்கிறது. ‘டிசைட்’ லத்தீனில் ‘வெட்டி நிறுத்துவது’. இதைப் படித்தபோது எனக்கு நம் ‘துணி’ நினைவுக்கு வந்தது. துணித்தல் என்றால் வெட்டுதல். துணிதல் என்றால் முடிவெடுத்தல். ‘எண்ணித் துணிக கருமம்’ என்று 467-ஆம் குறள் சொல்வது அந்தத் துணிவைத்தான். எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள் முடிவெடுப்பதை ஒரே மாதிரி வெட்டாகப் பார்த்திருக்கின்றன. அன்று முழுவதும் எனக்கு அதே நினைப்பு.

கேள்வி கேட்டவருக்கு இதில் முக்கியமானது ‘காம்பன்சேட்’. இரண்டு தட்டிலும் வைத்து எடை பார்ப்பது அதன் லத்தீன் வேர். ‘வீ வில் காம்பன்சேட் யூ’ என்று எழுதியிருந்தால் பணம் என்ற எண்ணமே முதலில் வரும், எவ்வளவு என்று கேட்கலாம். ‘மேக் இட் அப் டு யூ’ என்பதில் பணமும் இருக்கலாம், அடுத்த வேலையும் இருக்கலாம், ஒரு பூங்கொத்தும் இருக்கலாம். இரண்டும் ஒரே பொருள் என்று அகராதி காட்டும். கையில் வந்து சேர்வது ஒன்றாக இருக்காது.

பிப்ரவரி 12

நடை போய்க்கொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது. வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லாத பொருள்கள் ஒரே வினையில் எப்படி வந்தன என்று வியந்துகொண்டிருந்தோம் அல்லவா? தமிழில் ‘கட்டு’ என்ற வினையைக் கொஞ்சம் பாருங்கள்.

கதை கட்டுகிறோம். நஷ்டத்தை ஈடுகட்டுகிறோம். கோபித்துக்கொண்டவரைப் பேசிச் சரிக்கட்டுகிறோம். பொட்டலம் கட்டுகிறோம், அதற்கும் ஆங்கிலத்தில் ‘மேக் அப் எ பார்சல்’ என்பார்கள். கூத்தில் வேடம் கட்டுகிறோம், அது ஒப்பனையும் உடையும் சேர்ந்தது. ஒருவரைப் பற்றி முடிவு கட்டுகிறோம். உடற்கட்டு, கட்டமைப்பு என்கிறோம், அது ‘ஜெனட்டிக் மேக்-அப்’ (மரபணுக் கட்டமைப்பு) என்பதில் வரும் மேக்-அப்.

இட்டுக்கட்டு என்ற சொல் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய பரிசு. இடு ஒரு வினை, கட்டு ஒரு வினை. இரண்டும் சேர்ந்ததும் இட்ட பொருளும் இல்லை, கட்டிய கயிறும் இல்லை. இல்லாததைச் சொல்வது என்று புதுப்பொருள் பிறக்கிறது. பாட்டை அந்த இடத்திலேயே உண்டாக்கிப் பாடுவதையும் இட்டுக்கட்டிப் பாடுவது என்கிறோம். ‘மேக் இட் அப் அஸ் யூ கோ அலாங்’ என்பதற்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரியாது.

இதை நாம் எந்த அட்டவணையும் வைத்துப் படிக்கவில்லை. ஈடுகட்டு என்பதும் கதை கட்டு என்பதும் ஏன் ஒரே வினையில் முடிகின்றன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நமக்குள் அவை தனித்தனி அறையில் இருக்கின்றன. ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கும் ‘மேக் அப்’ அப்படித்தான் இருக்கும்.

பிப்ரவரி 13

நேற்றையது மகிழ்ச்சியில் எழுதியது. இன்று இரண்டு திருத்தம்.

ஒன்று: ‘முடிவு கட்டு’ என்பதும் ‘மேக் அப் யுவர் மைண்ட்’ என்பதும் நேருக்கு நேர் இல்லை. ‘அவன் தேறமாட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்’ என்னும்போது அதில் அவசரமும் அநியாயமும் தெரிகிறது. ஒரு தொல்லைக்கு முடிவு கட்டுவது என்றால் அதை ஒழிப்பது. ஆங்கிலத் தொடரில் அந்தக் கசப்பு இல்லை. இதுவா அதுவா என்று அலைந்த மனம் ஒரு பக்கம் நின்றது, அவ்வளவுதான். மொழிபெயர்ப்பில் நான் ‘முடிவுக்கு வந்துவிட்டாள்’ என்றுதான் போடுவேன்.

இரண்டு: ‘ஒப்பேற்று’ என்பதையும் சேர்க்கலாமே என்று கேட்டவருக்கு. ‘இருப்பதை வைத்து ஒப்பேற்றினேன்’ என்பது ஆங்கிலத்தில் ‘மேக் டூ’. குறை அப்படியே இருக்கிறது, நாம் சமாளிக்கிறோம். ‘மேக் அப் ஃபார்’ என்றால் குறை தீர வேண்டும், தீராவிட்டாலும் அதற்கு எதிராக ஒரு நல்லது தட்டில் விழ வேண்டும்.

ஆனால் அந்தக் கேள்வி வேறொரு கதவைத் திறந்துவிட்டது. ஒப்பு என்ற வேரிலிருந்து ஒப்பனை வருகிறது. ஒப்புரவும் வருகிறது. திருக்குறளின் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கே அது ஊரோடு ஒத்து உதவி வாழ்வது. தமிழ் விவிலியத்திலோ சகோதரனோடு ஒப்புரவாகு என்று வரும். அங்கே அது சமாதானம். முகத்தைத் திருத்துவதும் உறவைத் திருத்துவதும் ஒரே வேரில். கேள்வி கேட்டவர் ‘ஒட்டே இல்லை’ என்று முதல் நாளில் சொன்ன இரண்டு பொருள்கள் இவை!

பிப்ரவரி 13, பத்து நிமிடம் கழித்து

புனை. அதை எப்படி மறந்தேன்? மாலை புனைவது, அணி புனைவது, கதை புனைவது. அலங்கரிப்பதும் கற்பனை செய்வதும் ஒரே வினை. இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி 15

‘மேக்கப்’ என்று தமிழில் வழங்குவது வினையா என்று கேட்டிருந்தார் ஒருவர். இல்லை, நாம் எடுத்துக்கொண்டது பெயர்ச்சொல்லை. அதனால்தான் ‘மேக்கப் போடு’ என்று நம் வினை ஒன்றைப் பின்னால் ஒட்டிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் காதாலேயே இரண்டையும் பிரிக்கலாம். பெயர்ச்சொல்லில் அழுத்தம் ‘மேக்’ மேல் விழும். வினையில் ‘அப்’ மேல் சாயும். பேச்சைக் கேட்டு எழுதும்போது இது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

தேர்வைத் தவறவிட்டவருக்குப் பின்னால் வைக்கும் தேர்வும் ‘மேக்-அப்’ தேர்வுதான், அமெரிக்க வழக்கில். அங்கே அழுத்தம் முன்னால், பொருள் ஈடு.

பிப்ரவரி 20

சிறு சிறு பாக்கிகள். மருந்தாளுநர் மருத்துவர் சீட்டைப் பார்த்து மருந்தைக் கலந்து தருவதும் ‘மேக் அப்’. அணையப்போகும் அடுப்பில் கரியோ விறகோ போட்டு எரியவிடுவதும், பிரிட்டிஷ் வழக்கில், ‘மேக் அப் த ஃபயர்’. லிவர்பூல் பக்கம் ஒருவர் ‘அயம் மேட் அப்’ என்றால் முகத்தில் எதுவும் பூசவில்லை, கதையும் கட்டவில்லை, மகிழ்ச்சியில் திளைக்கிறார். இந்தக் கடைசிப் பொருளை முதன்முதலில் ஒரு பேட்டியின் ஒலிப்பதிவில் கேட்டபோது மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன். குரலில் இருந்த சிரிப்புதான் வழிகாட்டியது.

பிப்ரவரி 24

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். பணம் வந்துவிட்டதாம். கூடவே ‘டு மேக் அப் ஃபார் த டிலே’ என்ற குறிப்போடு ஒரு சிறு தொகை அதிகமாகவும் வந்ததாம். இதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று கேட்கிறார்.

‘ஃபார்’ வந்திருக்கிறது, ஆகவே ஈடு, சந்தேகமே இல்லை. ‘தாமதத்தை ஈடுகட்டியதற்கு நன்றி’ என்று நேராக எழுதுங்கள். ‘மேக் அப் வித்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இருவருக்கும் நடுவில் சண்டை இருந்தது என்றாகிவிடும்.

அந்தப் பழைய மேலாளரைப் பற்றி இரண்டு பேர் விசாரித்தார்கள். ஒரு வாரம் கழித்து அவரே என் மேசைக்கு வந்து, ஒரு தாளில் ஏழு மணி என்று எழுதி, அதை அடுத்த வாரத்தின் மூன்று நாள்களில் பிரித்துக் காட்டினார். அப்போதுதான் புரிந்தது. நான் என்ன நினைத்தேன் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. ‘அப்படியொரு எண்ணத்தோடா ஒரு வாரம் என்னோடு வேலை பார்த்தாய்?’ என்று கேட்டார். ஏழு மணியையும் வேலை பார்த்து முடித்தேன். அதன்பிறகு எனக்கு எழுதும்போதெல்லாம் அவர் ‘மேக் அப்’ போட்ட இடத்தில், பக்கத்திலேயே எளிய சொல் ஒன்றையும் எழுதிவைப்பார்.